இடது தோளில் ஏறிய துவக்கு

கரடி விழுந்த செய்தி பாரிசின் லாசப்பல் தெருவுக்கு வந்தபோது பேர்ளி தன் தையல்கடையில் ஒரு கல்யாணப்பெண்ணின் பிளவுசுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் படம் வந்திருந்தது. சுவீடன் காட்டுப் பாசியின் மேல் மண்மேடு மாதிரி ஒரு கரடி. அதன் பக்கத்தில் முழங்காலில் அவள் புருசன் யோன். சுற்றி நின்ற வெள்ளைக்காரர் எல்லோருக்கும் பல் தெரிந்தது. யோனுக்கு மட்டும் பல் தெரியவில்லை.

பக்கத்துத் தொலைபேசிக் கடை வரதராசா தலையை நீட்டினான்.

"என்னக்கா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? ஊரிலை ஆருக்கும் ஏதுமோ?"

"ஒண்டுமில்லை. அவர் கரடி சுட்டிட்டாராம்."

"அண்ணை கரடி விடுறார் எண்டெல்லோ நான் நினைச்சனான். எத்தினை வெடி?"

"ஒரே வெடியாம்."

"பன்றிக்கு வைச்ச வெடியெல்லாம் மரத்திலை பட்ட மனுசன், கரடிக்கு ஒரே வெடியோ? இதுக்கொரு பார்ட்டி வைக்காட்டி விடமாட்டம் அக்கா."

"வைப்பம்" என்றாள் பேர்ளி. கத்தரிக்கோல் கோட்டை விட்டு விலகி ஓடியிருந்தது. கல்யாணத் துணி. அவள் அதை அப்படியே மடித்து வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள். புருசன் வேட்டைக்குப் போன நாளிலிருந்து அவள் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதரிடம் அவள் கேட்டது வேறு: இவருடைய வெடி படக்கூடாது.

ஏன் அப்படிக் கேட்டாள் என்றால், அதற்கு யோனின் அண்ணன் அல்பிரட்டின் சாவிலிருந்து தொடங்கவேண்டும்.

தொண்ணூறுகளில், சண்டைக்குப் பயந்து மன்னார் மடுக்கோயில் வளவில் சனம் அகதியாகக் கிடந்த காலம். அண்ணனும் தம்பியும் விறகுக்குக் காட்டுக்குள் போனார்கள். தம்பி யோனின் கையில் இரவல் வாங்கிய இடியன் துவக்கு; குழல் வாய்க்குள் மருந்தையும் ஈயச் சன்னத்தையும் இடித்து நிரப்புகிற பழைய சாமான். குட்டியோடு நின்ற கரடி ஒன்று அல்பிரட்டின் மேல் பாய்ந்து முகத்தைக் கிழித்தது. யோன் வெடி வைத்தான். கரடி ஓடிவிட்டது. அண்ணன் எழும்பவில்லை. அன்று பொழுதுபடுவதற்குள் அடக்கம் பண்ணினார்கள். வெடி கரடிக்குப் படவில்லை, அதுதான் அண்ணை செத்தார் என்பது யோனின் நெஞ்சில் கிடந்த முள். கலியாணம் பேசிய நாளிலேயே பேர்ளிக்குச் சொன்னான்.

"கரடி எனக்கு வலக்கைப் பக்கம் நிமிர்ந்து நிண்டது. அண்ணை இடக்கைப் பக்கம் கிடந்தார். நடுவிலை ஒரு இடைவெளி கண்டுதான் வெடி வைச்சனான். ஆனாப் பிசகிப்போச்சு. சாகிறதுக்குள்ளை நான் ஒரு கரடியாவது விழுத்தவேணும் பேர்ளி."

பாரிசில் கரடிக்கு எங்கே போவது என்று அவள் அப்போது சிரித்தாள். ஆனால் யோன் சமைத்த உணவகத்தின் முதலாளி, பத்ரோன், வேட்டைக்காரன். யோனை அனுமதிப் பரீட்சை எடுக்கவைத்து, ஞாயிறுகளில் பன்றி வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனான். யோன் சுட்டது ஒன்றும் படவில்லை. "உன்னைக் கண்டால் பன்றிகள் வணக்கம் சொல்லிவிட்டுப் போகின்றன" என்று பத்ரோன் சிரிப்பானாம். கடைசியில், "பிழை உன்னிலில்லை, துவக்கு உன் உடம்புக்குப் பொருந்தவில்லை" என்று தனக்குத் தெரிந்த துவக்குத் திருத்துகிறவரிடம் அனுப்பினான். 2019ஆம் ஆண்டு வசந்தம் அது. யோனின் பிரெஞ்சு அடுப்படியோடு நின்றுவிடும். மொழிபெயர்க்கப் பேர்ளி கூடப் போனாள்.

அந்தக் கிழவர் முதலில் யோனைத் துவக்கைத் தோளில் வைக்கச் சொன்னார். யோன் வலது தோளில் வைத்தான். கழுத்து கொக்குப்போல வளைந்தது.

"இவருடைய தலையைப் பாருங்கள் மதாம். இடது கண்ணைக் கொண்டுபோய்க் குழலுக்கு மேலே வைக்கப் பார்க்கிறார். இரண்டு கையையும் சேர்த்து நடுவில் ஓட்டை விட்டு, அதற்குள்ளால் என் மூக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்."

யோன் பார்த்தான். கிழவர் தலையாட்டினார்.

"என்னவாம்?"

"உங்கட இடக்கண்தான் எசமானாம். வலக்கண் அதுக்குப் பின்னாலை போறதாம்."

"வீட்டிலை நீர் எசமான், முகத்திலை அது எசமான். அப்ப நான் ஆர்?"

பேர்ளி சிரித்துக்கொண்டிருக்கும்போதே கிழவர் தொடர்ந்தார்.

"இப்படிப்பட்டவர் வலது தோளில் வைத்துச் சுட்டால் வெடி இடது பக்கம் போகும். பத்துக் காலடித் தூரத்தில் ஒரு முழம் விலகும். இவர் வாழ்நாளில் வைத்த ஒவ்வொரு வெடியும் அப்படித்தான் போயிருக்கும்."

பேர்ளியின் சிரிப்பு வாயிலேயே நின்றது. கரடி வலக்கைப் பக்கம், அண்ணை இடக்கைப் பக்கம்.

"நீளமாக் கதைக்கிறார். என்னவாம்?" என்றான் யோன்.

"பழகினாச் சரிவருமாம்" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவளுடைய தொழில்போலவே இருந்தது. கிழவர் அளவுநாடாவை எடுத்து, யோனின் இடது முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் கணு வரை அளந்தார். பிளவுசுக்குக் கை நீளம் பார்க்கிறவள் அவள். வாய் சும்மா இருக்கவில்லை. "குளிருக்குப் போடுகிற தடித்த சட்டையோடு அளவெடுங்கள் முசியே, இல்லாவிட்டால் அங்கே போய் இடிக்கும்" என்றாள். கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சட்டையைப் போடவைத்து மறுபடி அளந்தார். இடக்கைக்காரருக்கென்று செய்த பழைய துவக்கொன்று அவரிடம் இருந்தது. அதன் பிடியை இரண்டு விரற்கடை குறைத்து, கன்னம் படுகிற இடத்தைச் சீவிக் கொடுத்தார். அடுத்த முறை போனபோது யோன் அதை இடது தோளில் தூக்கினான். கழுத்து வளையவில்லை. அளவெடுத்துத் தைத்த சட்டைபோல அது அவனோடு ஒட்டிக்கொண்டது. இனி அவன் வெடி பிசகாது என்று பேர்ளிக்குத் தெரிந்துவிட்டது.

அந்தத் துவக்கோடுதான் அவன் செப்டெம்பரில் பத்ரோனின் வேட்டைக் கூட்டத்தோடு சுவீடனுக்குப் போனான்.

திரும்பி வந்தவன் பார்ட்டி பற்றிப் பேசவில்லை. சாப்பாட்டைக் கிண்டிவிட்டு எழும்பினான். கார் து நோர் ரயில்நிலையத்துக்குப் போகிற தண்டவாளங்கள் அவர்கள் வீட்டு யன்னலுக்குக் கீழே. அங்கே நின்று வீடு கூட்டுகிற தும்புத்தடியை வலது தோளில் வைத்து, ஒரு விளக்குக் கம்பத்தைக் குறிபார்த்து, ஒரு கண்ணை மூடினான். பிறகு மற்றக் கண்ணை. பேர்ளி குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"பேர்ளி, அந்தக் கிழவன் அண்டைக்கு நீளமாக் கதைச்சவன். நீர் ஒரு வரிதான் சொன்னனீர்."

"பழகினாச் சரிவரும் எண்டவர்."

"அதுக்கு முன்னம் என்ன சொன்னவன்?"

அவள் அடுப்பைத் தணித்தாள். பொய்க்கு வாய் எழவில்லை.

"வலத்தோளிலை வைச்சா வெடி இடப்பக்கம் போகுமாம்."

"எவ்வளவு?"

"பத்துக் காலடியிலை ஒரு முழம்."

யோன் தும்புத்தடியைக் கீழே வைத்தான். மருந்து இடித்த துவக்கை வைப்பதுபோல மெல்ல வைத்தான்.

"கரடி எங்கை நிண்டுதோ, நான் எங்கை பாத்தனோ, அங்கையே பட்டுது. எல்லாரும் வந்து என்ர முதுகிலை தட்டுறாங்கள். எனக்கு ஒண்டுதான் ஓடினது. அண்டைக்கும் நான் கரடியைத்தானே பாத்தனான், அப்ப அந்த வெடி எங்கை போனது எண்டு."

"கரடி கிழிச்சதை ஊரே கண்டது."

"முகத்தைத்தான் கிழிச்சது. கரடி முகம் கிழிச்ச எத்தினை பேர் மடுப் பக்கம் உயிரோடை திரிஞ்சவங்கள்? அங்கை தோலை உரிச்சாப்பிறகு அது ஆள் மாதிரிக் கிடந்தது பேர்ளி. அதின்ர கையைப் பாத்தன். பாக்கக் கூடாமல் போச்சு."

"வேண்டாம், விடுங்கோப்பா."

"நீர் அண்டைக்கே சொல்லியிருந்தா நான் கரடிக்குப் போயிருக்கமாட்டன்."

"நித்திரையும் கொண்டிருக்கமாட்டியள்."

"இப்ப கொள்ளுறனோ?"

அவள் தும்புத்தடியை எடுத்து மூலையில் சாத்தினாள். கீழே ரயில் ஒன்று போனது.

"ஞாயிற்றுக்கிழமை மச்சாள் வருவா" என்றான். "சொல்லத்தான் போறன்."

"ஐயோ, சொல்லாதேங்கோ. உங்களை நம்பித்தானே அந்த மனுசி சண்டை முடிஞ்ச கையோடை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இஞ்சை வந்தது. உங்கட மேசையிலை சாப்பிடுது. சொல்லிப்போட்டு ஆரைப் பாப்பியள்?"

"சொல்லாமல் அவவின்ர முகத்தை எப்பிடிப் பாக்கிறது?"

மச்சாள் என்றது அல்பிரட்டின் மனைவி மரியநாயகியை. பாரிசுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் இருக்கிறாள். ஞாயிறு பூசை முடிந்தால் நேரே இங்கேதான். அந்த ஞாயிறும் வந்தாள், கையில் பிட்டும் இறால் பொரியலும்.

"எங்கை என்ர கரடிக்காரன்? வா தம்பி, முதலிலை கதையைச் சொல்லு. பேர்ளி, நீ பிட்டை மூடி வை, ஆறினாத் தொண்டையிலை நிக்கும்."

யோன் சொன்னான். நாய்கள் முன்னால் ஓடியது, பிறகு ஒரு சத்தமும் இல்லாமல் போனது, மரங்களுக்கிடையில் பழுப்பாக ஏதோ எழும்பியது. நடுவில் நடுவில் நின்று தண்ணீர் குடித்தான்.

"ஒரே வெடியோ?"

"ஓம் மச்சாள்."

"எனக்கு ஒரு நகம் கொண்டுவரச் சொன்னனான்."

அவன் சட்டைப்பையிலிருந்து நகத்தை எடுத்து மேசையில் வைத்தான். வளைந்து கறுத்து ஒரு விரல் நீளம் இருந்தது. மரியநாயகி அதை உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்தாள். யோன் இரண்டு கையையும் மேசையில் ஊன்றினான்.

"மச்சாள், அண்டைக்கு மடுவிலை அந்த இடியன் துவக்கு..."

"பேர்ளி, ஒரு டிசுப் பேப்பர் தா பிள்ளை, இதைச் சுத்த."

"மச்சாள், நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

"தம்பி" என்றாள் மரியநாயகி. குரல் உயரவில்லை. "அவரைக் குளிப்பாட்டினது ஆர்?"

"நீங்கள்."

"கழுத்திலை கிடந்த சன்னத்தை எடுத்ததும் நான்தான். கரடி சன்னம் வைச்சே கடிக்கிறது? மாமி வாசல்லை நிண்டு, 'என்னடி பிள்ளை செய்யிறாய்' எண்டு கேட்டவ. ரத்தம் துடைக்கிறன் எண்டன். சன்னத்தைக் கிணத்துக்கை போட்டன். ஒரு பிள்ளையைக் குழிக்கை வைக்கிற தாயிட்டை மற்றப் பிள்ளையையும் தூக்கி வையுங்கோ எண்டு சொல்லுறதோ?"

பேர்ளி டிசுவைப் பிடித்தபடி நின்றாள்.

"நீங்கள் தெரிஞ்சுகொண்டே என்ர கையாலை சாப்பிட்டனீங்களோ?" என்றான் யோன்.

"முதலிலை உன்னை வெறுத்தனான். உனக்குத் தெரியாது எண்டதுக்காக இன்னும் கூட வெறுத்தனான். நான் சுமக்கிறன், இவன் கரடியைத் திட்டிக்கொண்டு திரியிறான் எண்டு. பிறகு களைச்சுப்போனன். வெறுக்கிறதுக்கும் சீவன் வேணுமெல்லே."

"என்னை மன்னிச்சுப்போட்டன் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ மச்சாள்."

"அதை நான் சொல்லேல்லை. கேளாதை." அவள் நகத்தைச் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். "நான் சொல்லுறதை நீ கேள். என்ர பிள்ளையின்ர தகப்பனைச் சாக்காட்டினது கரடி. அந்தக் கரடியைச் சித்தப்பா பழி வாங்கினவர். அவன் உன்னைச் சித்தப்பா எண்டு கூப்பிடவேணுமெண்டா அந்தக் கதை நிக்கவேணும். ஆர் கேட்டாலும் நீ சொல்லவேணும், சந்தோசமாச் சொல்லவேணும்."

"எனக்கு வாய் வராது."

"வரும். எனக்கு வந்தது."

பிறகு அவள் பிட்டைத் தட்டில் போட்டு மூன்று பேருக்கும் பகிர்ந்தாள். இறால் பொரியலில் உப்புக் கூடிப்போச்சு என்று தானே குறை சொன்னாள். மற்ற இருவரும் தின்றார்கள்.

யோன் அந்தத் துவக்கைப் பத்ரோனிடம் கொடுத்துவிட்டான். பிறகு வேட்டைக்குப் போகவில்லை. ஆனால் கதையை விட்டுவிட முடியவில்லை. வரதராசா கேட்டான், பூசைக்கு வந்தவர்கள் கேட்டார்கள், சொன்னான். தொடக்கத்தில் தடக்கித் தடக்கி வந்தது. சொல்லச் சொல்ல நாய்களுக்குப் பெயர் வந்தது, கரடி வளர்ந்தது, கேட்டவர்கள் சிரிக்க இடமும் வந்தது. வீட்டுக்கு வந்தால் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நெடுநேரம் குழாயைத் திறந்துவிடுவான். பேர்ளி வெளியே நின்று ஒருநாள் கேட்டாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

"ஒண்டுமில்லை. கை கழுவுறன்."

கொரோனா ஓய்ந்த பிறகு அல்பிரட்டின் மகன் தனூஜனுக்குத் திரான்சியில் மண்டபமெடுத்துக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் கழுத்தில், கோட்டுக்கு மேலே தெரிய, பொன் பிடித்த கரடி நகம். பிரெஞ்சுப் பெடியள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கேக் வெட்டி முடிந்ததும் மரியநாயகி ஒலிவாங்கியைத் தானே எடுத்துக்கொண்டு யோன் இருந்த மேசைக்கு வந்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் இருங்கோ. மாப்பிள்ளையின்ர சித்தப்பா ஒரு கதை சொல்லப்போறார்."

யோன் பேர்ளியைப் பார்த்தான். அவள் அவனுடைய கோட்டின் இடது தோளில் கிடந்த ஒரு நூலை எடுத்து எறிந்தாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. தனூஜன் மேடையிலிருந்து கை தட்டினான். யோன் எழுந்து ஒலிவாங்கியை வாங்கினான்.

"அண்டைக்கு நல்ல குளிர்" என்று தொடங்கினான்.