அவிழ்க்காத முடிச்சில் ஒரு பவுன்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையின் நடுவில் முளைத்தது. பழைய தங்கக் காசையும் அதைப்போலச் செய்து விற்கும் நினைவுப்பொருளையும் பிரித்தறிவது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தேன். 'சோதிக்க வருகிற எல்லாரும் அசலாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்வார்கள்' என்று எழுதினேன். பேனா அங்கே நின்றது. போலியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு ஒருத்தி வந்தால்?

அப்படி வந்தவள்தான் கரமனை ஊர்க்காரி சீதாலக்ஷ்மி.

2

முதல் தொடக்கம்: 'சாலைக் கடைத்தெருவில் அன்று மழை...' வேண்டாம். மழையால் காசுக்கு ஒன்றும் ஆகாது.

நடந்ததையே சொல்கிறேன். கணவர் சுந்தரராமனுக்கு இதய அறுவை சிகிச்சை. அன்று காலை அவள் பெருமாளுக்கு ஒரு பவுன் காசு நேர்ந்துகொண்டாள். மாமியார் கொடுத்த காசு. வங்கி லாக்கரில் இருந்தது. வங்கி திறக்கும்வரை காத்திருக்க முடியாது. விஷுவன்று கண்விழித்ததும் பார்க்கும் கணித் தட்டில் வைப்பதற்கென்று பொருட்காட்சியில் வாங்கிய, முலாம் பூசிய பித்தளைக் காசை அப்போதைக்கு மஞ்சள் துணியில் முடிந்தாள். பத்து நாள் கழித்து அசலை எடுத்து வந்து, அதையும் அதே துணியில் கிழித்த இன்னொரு துண்டில் முடிந்தாள்.

(நேர்ந்து முடிந்ததை அவிழ்க்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அவிழ்த்திருந்தால் கதையே இல்லை.)

சுந்தரராமன் எழுந்து நடமாடியதும் ஒரு முடிச்சைக் கோயில் உண்டியலில் போட்டாள். வீடு திரும்பி, மிச்சமிருந்த முடிச்சைக் கையில் எடுத்தபோதுதான், போட்டது எது என்று [இந்த வாக்கியத்தை முடிக்க மூன்று முறை முயன்றேன்.]

3

"போலின்னு சொல்லிடும்மா," என்றாள் சீதாலக்ஷ்மி, கடைத்தெருவில் தங்கம் சோதிக்கும் ரேஷ்மியிடம், மிச்சமிருந்த முடிச்சைக் காட்டி.

"இங்க யாரும் இப்படிக் கேட்டதே இல்ல, கேட்டோ மாமி!" ரேஷ்மியின் தமிழில் மலையாளம் கலந்திருந்தது.

"அசலாத்தான் இருக்கும்," என்றார் சுந்தரராமன். "எங்கம்மா காசு. லேசில ஆத்தை விட்டுப் போகாது."

"அப்போ பெருமாளுக்குப் போட்டது பித்தளையா?"

"நான் பிழைச்சுண்டேனோல்லியோ? அவர் ஏத்துண்டாச்சுன்னு அர்த்தம்."

"அவர் ஏத்துண்டது என் வார்த்தையை. அதைக் காப்பாத்தினேனான்னு நேக்குத் தெரியணும்."

(முதல் வரைவில் அவரைப் பேராசைக்காரராக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அம்மாவிடமிருந்து அவருக்கு மிஞ்சியது அந்த ஒன்றுதான்.)

"முடிச்சை அவிழ்க்காம பாக்க முடியுமோ?" என்று கேட்டாள்.

4

முடியும். இதுதான் எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே அளவில் எடுத்தால் பித்தளை, தங்கத்தில் பாதி கனம்கூட இல்லை. ஆகவே போலிக் காசின் அளவைச் சரியாக வைத்தால் எடை குறையும். எடையைச் சரியாக வைத்தால் தடிமன் கூடும். இரண்டிலும் ஏமாற்ற முடியாது. அவர்கள் வாங்கிய பித்தளைக் காசு, பவுனின் எடைக்கே தடிமனாகச் செய்தது. துணியின் மடிப்புகளுக்குள் அந்தத் தடிமன் கைக்குத் தெரியவில்லை. தண்ணீருக்குத் தெரியும்.

ரேஷ்மி தராசின் மேல் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தாள். அதே அளவுள்ள வெறும் துணியை நனைத்து, நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டுத் தராசைப் பூச்சியமாக்கினாள். இனி துணிக்குப் பதில், அடியைத் தொடாமல், முடிச்சு. காசு ஒதுக்கும் தண்ணீரின் எடையைத் தராசு காட்டும். அரை கிராமுக்குச் சற்றுக் கீழே நின்றால் தங்கம். ஒரு கிராமை நெருங்கினால் பித்தளை.

முடிச்சைப் பிறர் தொடக் கூடாதென்று நூலை சீதாலக்ஷ்மியே பிடித்தாள். அவள் கை நடுங்க, இலக்கங்கள் தாவின.

"அனங்காம, ஆடாம பிடிங்கோ மாமி. அஞ்சு செகண்ட் மதி, போதும்."

5

முடிவு அ: தங்கம். அவள் நேராகக் கோயிலுக்கு நடக்கிறாள். அவர் கடை வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

முடிவு ஆ: பித்தளை. அவள் நிம்மதியில் அழுகிறாள். அவர், அம்மாவின் காசு போன இடத்தை நினைத்து [இதையும் முடிக்கவில்லை.]

இந்த இரண்டோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் சுந்தரராமன் அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று கையை நீட்டித் தராசின் இலக்கத்தை மூடினார்.

"பாக்க வேண்டாம், சீதா. இதையும் போட்டுடுவோம். ரெண்டில ஒண்ணு பொன்தானே?"

"பித்தளையா இருந்தா? பெருமாளுக்குப் போய் அதை..."

"தெரிஞ்சு போட்டாத்தான் தப்பு. அதான் மூடிண்டிருக்கேன்."

"உங்கம்மா காசா இருந்தா?"

"அம்மாவும் நான் பிழைக்கணும்னுதான் வேண்டிண்டிருப்பா."

அளக்க முடிந்ததை அளக்காமல் விடுவது எனக்குப் பிடிக்காத காரியம். அவர் கையை விலக்கி நாலு வரி எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். நூல் அவள் விரலில் இருக்கிறது. நடுக்கம் நின்றுவிட்டது. அவர் உள்ளங்கைக்கு அடியில் இலக்கமும் நின்றிருக்கும். கையை எடுக்கச் சொல்ல வேண்டுமென்றால், நீங்கள் சொல்லுங்கள்.