மீசை இல்லாத அப்பா

வீட்டுக்கு யார் வந்தாலும் எழுந்து நின்று, முறை சொல்லி ‘வாங்க’ என்று கூப்பிட வேண்டும். அந்தக் குடும்பத்தின் மரியாதையே அதில்தான் நிற்கிறது என்று நம்பியவர் அப்பா. அவருடைய மூத்த மகளோ, தெருவில் எதிரே வரும் சித்தியைக்கூடக் கண்டுகொள்ளாமல் போவாள்.

“எனக்கு முகம் மனசுல நிக்க மாட்டேங்குதுப்பா” என்று சின்ன வயதிலேயே சொன்னாள்.

“திமிருக்கு இப்படியொரு பேரா?” என்றார் அவர்.

போன வருடம் ஒரு கல்யாண வீட்டில், பெரியப்பாவையே யாரோ என்று தாண்டிப் போனாள். அப்பாவுக்குத் தலை குனிந்துபோயிற்று. அத்தனை உறவுக்கும் நடுவில் அவளை நிறுத்தி, தன் அண்ணனிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்க வைத்தார்.

இன்று அவர் மேலுதட்டில் இருந்த கட்டியைக் கீறுவதற்காக டாக்டர் மீசையை மழித்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருந்த மீசை. வலியோடு எழுந்தவர், கழற்றி வைத்த கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்து அதையும் வளைத்துவிட்டார். துணைக்கு வந்திருந்த அண்ணன், “நம்ம பொண்ணு வேலை பாக்குற கண்ணாடிக்கடை பக்கத்துலதானே” என்று அங்கேயே அழைத்துப் போனார்.

கைத்தடிச் சத்தம் கேட்டதும் மகள் எழுந்தாள். “வாங்க பெரியப்பா.”

கண்டித்தது வீண்போகவில்லை என்று அப்பாவுக்கு உள்ளூரப் பெருமை.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். கடைக்கு வருகிறவர்களுக்கென்றே வைத்திருக்கும் சிரிப்பு. “உட்காருங்க சார். பெரியப்பாவோட ஃப்ரெண்டா?”

பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். “சரியாப் போச்சு. பெத்த அப்பனையே யாருன்னு கேக்குறா. நான் எந்த மூலைக்கு?”

“நான்தாம்மா” என்றார் அப்பா, உதட்டுத் தையல் இழுக்க.

குரலைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது. வாடிக்கையாளர்கள் பார்க்கப் பார்க்கக் கைகூப்பினாள். “மன்னிச்சிடுங்கப்பா. இனிமே இப்படி நடக்காது.”

கல்யாண வீட்டில் அவர் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள். ஒன்றுகூடக் குறையவில்லை.

அவர் அவளுடைய கூப்பிய கைகளைப் பிடித்து இறக்கினார். “இத்தனை நாளா என்னை எப்படிம்மா கண்டுபிடிச்சே?”

“மீசை, கண்ணாடி. வீட்டுல நீங்க செருப்பு கழட்டுற சத்தம். பெரியப்பான்னா தடி.” தயங்கினாள். “கல்யாணத்தன்னிக்கு அவர் தடி எடுத்துட்டு வரல.”

“சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொன்னேனேப்பா.”

அதில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் அவரால் கோபப்பட்டாவது தப்பித்திருக்க முடியும். அவள் கண்ணாடியை வாங்கிக்கொண்டு, வளைந்த காம்பை மெல்ல நிமிர்த்தத் தொடங்கினாள்.

“அண்ணா” என்றார் அவர். “அன்னிக்கு இவ மேல தப்பே இல்ல. மன்னிப்புக் கேக்க வேண்டியவன் நான்.”

பெரியப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். “வீட்டுல போய்ப் பேசிக்கலாம்டா. ஆளுங்க பாக்குறாங்க.”

“அன்னிக்கும் பாத்தாங்கண்ணா.”