கடைசித் தாளுக்குப் பூஜ்யம்

மாணவர் மதிப்பீட்டில் முதுகலை படிக்கிறவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. வாத்தியார்கள் எல்லாரும் குத்துமதிப்பாக மார்க் போடுகிறவர்கள், நாங்கள்தான் ஒழுங்காக அளக்கத் தெரிந்தவர்கள் என்று. எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

எங்கள் நாட்டின் தெற்கே ரோதோப் மலையில் பதினாலு பள்ளிகள். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய வாசிப்புத் தேர்வுதான் என் ஆய்வு. விடைத்தாள்களை என் பேராசிரியை கரம்ஃபிலா கல்வி அலுவலகத்தில் பேசி வாங்கித் தந்தார். பதிலுக்கு அலுவலகம் என் அட்டவணையைக் கேட்டது. கடைசியில் வரும் மூன்று பள்ளிகளை மூடி, பிள்ளைகளை டவுன் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான்.

கணினியில் ஏற்றுவதற்கு ஒரு முறை உண்டு. தவறான விடைக்குப் பூஜ்யம். தெரியாமல் விட்டதற்கும் பூஜ்யம். கேள்வியே பிள்ளையின் கைக்குப் போய்ச் சேரவில்லை என்றால் ஏழு. ஏழு போட்டால் அந்தக் கேள்வி கணக்கில் வராது. கோர்னா லிபா என்ற ஊரிலிருந்து பதினொரு விடைத்தாள் வந்திருந்தது. எல்லாவற்றிலும் கடைசி ஆறு கட்டம் காலி. "சோம்பேறிக் கழுதைங்க" என்று சொல்லிக்கொண்டே அறுபத்தாறு பூஜ்யம் தட்டினேன்.

பதினொரு பேரும் ஒரே இடத்தில் பேனாவை வைத்துவிட்டார்கள் என்றால் கோளாறு பிள்ளைகளிடம் இல்லை. இது முதல் வருடப் பாடம். அந்தப் பாடத்தில் நான்தான் வகுப்பில் முதல்.

மே மாதம், வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு நாலு நாள் முன்பு, விடைத்தாள்களோடு கட்டுக்கட்டாக வந்திருந்த வினாத்தாள்களைப் பெட்டியில் அடுக்கினேன். கோர்னா லிபா கட்டு கையில் பிரிந்தது. கடைசித் தாள் வெள்ளையாக இருந்தது. அடுத்ததைப் புரட்டினேன், அதுவும் வெள்ளை. பதினொன்றும் அப்படித்தான். அச்சகத்தில் அந்தப் பக்கம் விழவே இல்லை. ஏழு போட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினேன். பதினாலாவது இடத்தில் இருந்த பள்ளி ஐந்தாவது இடத்துக்கு வந்தது. புது அட்டவணையை அச்செடுத்துக்கொண்டு போனேன்.

"மேடம், கோர்னா லிபாவோட கணக்கு தப்பு" என்றேன் பேராசிரியையிடம்.

அவர் அட்டவணையைப் பார்த்தார்.

"பழசு ஆபீசுக்குப் போயாச்சும்மா. இப்ப ஒண்ணுல தப்புன்னா, மத்த பதிமூணையும் எப்படி நம்புறதுன்னு கேப்பாங்க. எல்லாத்தையும் முதல்லேர்ந்து பாக்கணும். உனக்கு ஒரு வருஷம் போயிடும். 'ஆய்வின் வரம்புகள்'னு ஒரு பகுதி இருக்குல்ல? அங்க ஒரு வரி போட்டுடு."

"அதை யாரு மேடம் படிக்கிறாங்க?"

"அதனாலதான் அங்க போடச் சொல்றேன்."

எங்கள் துறையில் அது ஒரு வழக்கம். எந்தத் தப்பையும் அங்கே இறக்கி வைத்துவிட்டால் ஆய்வு சுத்தமாகிவிடும். எழுபத்தோராம் பக்கத்தில் எழுதினேன்: 'ஒரு பள்ளியில் அச்சுக் கோளாறால் சில விடைகள் பெறப்படவில்லை.' ஊர்ப் பெயர் எழுதவில்லை. அலுவலகத்துக்கு நான் போன் பண்ணியிருக்கலாம். என்னை யாரும் கட்டிப்போடவில்லை. அதுதான் இன்றைக்கும் எரிகிறது.

வைவாவில் தேர்வாளர்களில் ஒரு கிழவர் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் படித்தார். "தன் குறையை இவ்வளவு நேர்மையா ஒத்துக்கிற பொண்ணை நான் பாத்ததே இல்ல" என்றார். ஆறு போட்டார்கள். எங்கள் ஊரில் அதற்கு மேல் மார்க் கிடையாது. வெளியே என்னோடு படித்த ஸ்லாதோமிர் வழி மறித்தான். "மகாராணி ஆறு வாங்கிட்டாங்க! சும்மா போக விடமாட்டோம், பனிட்சா வாங்கிக் குடு தாயே!" சீஸ் வைத்துச் சுட்ட அந்தப் பலகாரத்தை வாங்கிக் கொடுத்தேன். நானும் தின்றேன்.

அந்த மாதக் கடைசியில் மூடப்போகும் பள்ளிகளின் பட்டியல் வந்தது, கோர்னா லிபாவும் அதில் இருந்தது. ஆகஸ்டில்தான் அந்த ஊருக்குப் பஸ் ஏறினேன். தலைமையாசிரியர் ஸ்தமென் பள்ளி வாசலில் பெஞ்சுகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"யாரும்மா வேணும்?"

"வாசிப்புத் தேர்வுக்கு மார்க் ஏத்தினவ சார் நான். உங்க பசங்க ஒழுங்காத்தான் எழுதியிருந்தாங்க. கடைசித் தாள் அச்சாகவே இல்ல. நான் பாக்காம பூஜ்யம் போட்டுட்டேன்."

அவர் பெஞ்சைக் கீழே இறக்கி அதிலேயே உட்கார்ந்தார்.

"பரீட்சை அன்னிக்கு எங்க வாத்தியாருங்களையெல்லாம் வெளிய நிறுத்திட்டாங்க. வேற ஸ்கூல் ஆளுதான் உள்ள. பசங்க ஓடி வந்து 'சார், சீக்கிரமே முடிச்சிட்டோம்'னு குதிச்சாங்க. ரிசல்ட் வந்ததும் அதையே சொல்லித் திட்டினேன். 'சீக்கிரம் முடிச்ச லட்சணம் இதுதாண்டா, உங்களாலதான் ஸ்கூல் போச்சு'ன்னு. ஸ்கூல் முடியற வரைக்கும் விடாம திட்டினேன்மா."

"சார், நானே அவங்ககிட்ட..."

"ரெண்டு பேரு ஜெர்மனி போயாச்சு. இவைலான்னு ஒருத்தி, நல்லா வாசிப்பா. நான் மக்கு, டவுன் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு உக்காந்திருக்கா. அதோ பச்சைக் கதவு. போய்ச் சொல்லு."

இவைலா முற்றத்தில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைத் தாள், பூஜ்யம், ஐந்தாவது இடம். கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஸ்கூலைத் திருப்பித் தொறப்பாங்களாக்கா?"

"இல்லம்மா. உத்தரவு போட்டாச்சு."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மே மாசம்."

அவள் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அப்ப இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?"

என் மனசு ஆறத்தான் வந்தேன். பத்து வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லாமல், ஒரு பீன்ஸை எடுத்து உரித்தேன்.