படம் 7ஆ

விறகுக் கட்டுக்குள் கைவிட்ட என் கணவர் சக்கரவர்த்தி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். விரலில் கடித்த தடம் சரியாகத் தெரியவில்லை. வலியும் இல்லை. என் தம்பி அர்ச்சுனன் பாம்பை அடித்துக் குச்சியில் தூக்கி வந்தான்.

“கட்டுவிரியன் மாரி கீது மாமா. கெளம்பு, திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போயிர்லாம். ஜீப்பு நிக்குது.”

“இரு மாப்ள. உன் கண்ணுக்குக் கயிறுகூட கட்டுவிரியன்தான்.”

எங்கள் மலைக்கிராமமான நெல்லிவாசலில் முதியோர் கல்வி வகுப்பு நடத்தியவர் அவர். எண்பத்தொன்றில் வகுப்புக்கென்று பாம்புகளைப் பற்றி ஒரு சிறு புத்தகம் வந்திருந்தது. ஏழாம் படத்தில் அ, ஆ, இ, ஈ என்று நான்கு பாம்புகள். செத்த பாம்பை அதன் பக்கத்தில் கிடத்தினார். கழுத்தருகே மங்கி, வால் பக்கம் பளிச்சென்று தெரியும் வெள்ளைப் பட்டைகள். ஆ படமேதான். கீழே இருந்ததை விரல் வைத்துப் படித்தார்: ‘அ. கட்டுவிரியன். ஆ. வெள்ளிக்கோல் வரையன், விஷமற்றது.’ நானும் எட்டிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

“பாத்தியா? உன்ன வுட புத்தகத்துக்குத் தெரியும்.”

“எதுக்கும் போய்ட்டு வந்துருங்களேன்” என்றேன்.

“விஷமில்லாத பாம்புக்கு ஊசி கேட்டா டாக்டரு சிரிப்பாருடி.”

ஜீப் போய்விட்டது. வழக்கப்படி பாம்பை எரித்தோம். சாமைச் சோறு தின்றார். வெயில் ஏறும்போது, “தூக்கமா வருது” என்றார். இமைகள் தாமாகச் சரிந்தன. கொடுத்த தண்ணீர் கடைவாயில் வழிந்தது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கினோம். பாதி மலையில் மூச்சு நின்றது.

காரியம் முடிந்தபின் அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். படம் இருந்த தாளின் பின்பக்கம் அச்சாகியிருந்தது: ‘கட்டுவிரியனின் பட்டைகள் கழுத்தருகே மங்கி, வால் பக்கம் தெளிவாக இருக்கும் (படம் 7ஆ பார்க்க).’ தாளைத் திருப்பினேன். மறுபடி திருப்பினேன்.

புத்தகத்தை அச்சிட்ட திருப்பத்தூர் அச்சகத்துக்கு அர்ச்சுனனுடன் போனேன். முதலாளி செபாஸ்டியன் இரண்டு பக்கத்தையும் பார்த்தார்.

“படத்துக்கு அச்சு பிளாக்கு செஞ்சி வந்தப்போ படங்க எடம் மாறி வந்துச்சும்மா. உள்ள மேட்டர்ல ‘அ’வ ‘ஆ’ன்னு மாத்திட்டோம். படத்துக்குக் கீழ மாத்த வுட்டுப்போச்சு.”

நான் யார் என்று அவர் கேட்கவில்லை. இரண்டாம் பதிப்புக்காக நூல் சுற்றி வைத்திருந்த அந்தப் பக்கத்து ஈய எழுத்துகளை எடுத்துவந்தார். நூலை அவிழ்த்தார். சின்ன இடுக்கியால் ‘அ’வைப் பிடுங்கினார், ‘ஆ’வைப் பிடுங்கினார், இடம் மாற்றிச் செருகினார்.

“அவ்ளோதாம்மா. இனிமே சரியா வரும்.”

என் கணவர் பெயரைச் சொல்லத்தான் போயிருந்தேன். வேறொன்றுதான் வாயில் வந்தது.

“அடிச்ச புத்தகம்லாம்?”

“அது அப்பவே மலைக்குப் போய்ட்ச்சே. ஊருக்கு ஒண்ணு.”

அர்ச்சுனன் என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு மலைக்குப் போகும் ஜமுனாமரத்தூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.