ஹிஷாமுக்கு ஒரு சுவர்

கூத்தாநல்லூர் கடைவீதியில் மீரா உசேனின் அரிசி மண்டிச் சுவரைப் போல நீளமான சுவர் வேறு இல்லை. தேர்தல் வந்தால் கட்சிக்காரர்களுக்கு அதன்மேல்தான் கண். யார் முதலில் கட்சிப் பெயரையும் தொடங்கும், முடியும் ஆண்டுகளையும் எழுதுகிறார்களோ, அவர்களுக்கே சுவர். அடுத்தவர் கை வைக்க மாட்டார். சுவர்க்காரரை மட்டும் யாரும் கேட்பதில்லை.

சுவரெழுதும் கிளாட்சன் ஒரு கட்சிக்காக இடம்பிடிக்கச் சுண்ணாம்பு வாளியோடு வந்தபோது, அங்கே பச்சை நிறத்தில் அரபு எழுத்து இருந்தது.

"குர்ஆன் வசனம் தம்பி, தொட்டுடாதீங்க" என்றார் மீரா உசேன். எழுத்து வந்த இரண்டே நாளில் சுவரடியில் கிடந்த குப்பைமேடு காணாமல் போயிருந்தது. ஒதுங்க வருகிறவர்களும் வேறு சந்து பார்த்துக்கொண்டார்களாம். நகராட்சி பத்து வருடமாகக் கெஞ்சியும் நடக்காத காரியம்.

கிளாட்சனுக்கு அரபு தெரியாது, பெயிண்ட் தெரியும். அட்டையில் வெட்டி ஸ்ப்ரே அடித்த வேலை இது. ஓரத்தில் ஒரு கால்பந்து வேறு. குர்ஆன் வசனத்துக்கு எதற்குப் பந்து? நாலு பேரைக் கேட்டான். ஓதிப் பழகிய உச்சரிப்புக் குறிகள் எழுத்துக்கு மேலும் கீழும் இல்லாததால் ஆளுக்கொரு விதமாக வாசித்தார்கள். பொருள் ஒருவருக்கும் தெரியவில்லை. அவனுக்கு மண்டை குடைந்தது. அப்போதுதான் எதிர் டீக்கடையில் கிளாஸ் பிடித்திருந்த ஒருவரின் நகக்கண்ணில் பச்சை தெரிந்தது.

அவர் பாசித், கெய்ரோவில் படித்தவர். கிளாட்சன் பக்கத்தில் உட்கார்ந்து பந்தைப் பற்றிக் கேட்டதும் மறைக்காமல் சொல்லிவிட்டார். 'ஹிஷாம், உன்னை மறக்க மாட்டோம்' என்று எழுதியிருக்கிறது. ஹிஷாம் கூடப் படித்தவன். மேட்ச் பார்க்கப் போனவன் கலவரத்தில், பூட்டிய கேட்டுக்குப் பின்னால் நசுங்கிச் செத்தான். ரசிகர்களும் நியாயம் கேட்டவர்களும் அவன் முகத்தைச் சுவர் சுவராக வரைந்தார்கள். அரசாங்கம் வெள்ளையடிக்கும், மறுபடி வரைவார்கள்.

"இப்ப அங்க ஒரு சுவத்துலயும் அவன் பேரு இல்லங்க. அதான் இங்க எழுதினேன். ஆனா வசனம்னு நம்பவிடுறது பாவம். நானே சொல்லிடுறேன், நீங்க வெள்ளையடிச்சுக்குங்க" என்றார் பாசித்.

சொல்லவும் செய்தார். இரண்டு நாளாகப் பயபக்தியோடு அந்தப் பக்கம் நடந்த மீரா உசேனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உடனே வெள்ளையடிக்கச் சொன்னார்.

கிளாட்சன் வெள்ளையடிக்கும் மட்டையை வாளியில் முக்கினான். கெய்ரோ சுவர்களில் அடித்த வெள்ளை அவன் நினைவுக்கு வந்தது. மட்டையை அப்படியே விட்டுவிட்டு, பிரஷ் எடுத்து அரபு எழுத்துக்குக் கீழே கறுப்பில் எழுதினான்: 'இந்தச் சுவர் ஹிஷாமுக்கு. 2026 –'

"முதல்ல எழுதினவங்களுக்குத்தான் பாய் சுவரு. கட்சிக்காரங்ககிட்ட நான் ஏச்சு வாங்கிக்கிறேன்."

மீரா உசேன் அதை வாசித்தார். "முடியிற வருஷம் போடலியே?"

"அது வேணாம் மாமா" என்றார் பாசித்.

மீரா உசேன் சுண்ணாம்பு வாளியைத் தானே தூக்கிக்கொண்டுபோய் மண்டிக்குள் வைத்தார்.