இளைக்கிற மாத்திரை

மாத்திரையை டோரதிக்குக் கொடுத்தவள் நசீமா என்கிற நசீமுன்னிசா. இருவரும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் தைப்பவர்கள்.

“ஃபோன்ல ஆர்டர் போட்டேன்க்கா. மூலிகைதான், நானும் போட்டுக்கறேன். பசியே எடுக்காது, உடம்பு தானா இளைக்கும்.”

சொன்னபடியே பசி போனது. தையலில் டோரதியின் கை பறந்தது, சூப்பர்வைசரே பாராட்டினார். அப்புறம் தூக்கமும் போனது. வாய் வறண்டது, தாடை இறுகியது, படுத்தால் நெஞ்சு தடதடவென்று அடித்தது.

பிறகு குரல்கள் வந்தன. மிஷின் இரைச்சலுக்கு நடுவே லைனில் இருந்த பெண்கள் தன்னைப் பற்றியே பேசுவது தெளிவாகக் கேட்டது. திரும்பினால் எல்லோரும் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் கணவன் ஏசுராஜ் செய்து வைத்த உப்புமாவை மோந்து பார்த்துவிட்டுக் கொட்டினாள்.

“இன்னா ஆச்சு உனக்கு?” என்றான். இவனும் அவர்களோடு சேர்ந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள். தன்னைப் பிடிக்கத்தான் எழுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. நூல் வெட்டும் கத்தரியோடு பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டாள்.

கதவு இடிபட்டது. “செக்யூரிட்டிய கூப்பிடு” என்றது ஒரு குரல். நிஜக் குரலா என்று தெரியவில்லை. கத்தரியைக் கதவை நோக்கி நீட்டிப் பிடித்தாள்.

“அக்கா, நான் நசீமா. எல்லாரையும் அனுப்பிட்டேன்.”

“நீயும் அவங்க ஆளுதான். போய்டு!”

கதவிடுக்கு வழியாக நசீமா மெல்லச் சொன்னாள்: “எனக்கும் கேக்குதுக்கா. எங்க வூட்டு மாடில யாரோ நடந்துட்டே இருக்காங்க. எங்க வூட்டுக்கு மாடியே இல்ல. சொன்னா பைத்தியம்னுவாங்கன்னு பயந்துட்டேன். அந்த மாத்திரைதான்க்கா, அல்லா சத்தியமா.”

வெளியே அவள் தேம்பினாள். இத்தனை நாள் கேட்ட குரல்களில் ஒன்றுகூட அழுததில்லை. டோரதி தாழ்ப்பாளைத் திறந்தாள்.

கம்பெனி வண்டி இருவரையும் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. டாக்டர் மிச்ச மாத்திரைகளைப் பார்த்தார். “மூலிகை இந்த வேலை செய்யாதும்மா. தூக்கத்தைக் கெடுத்து நரம்பை முறுக்கிவிடுற மருந்து கலந்திருக்கணும்.”

“விட்டுட்டா குரல் போய்டுமா?” என்றாள் டோரதி.

“போய்டும். நாளாகும்.”

நசீமாவின் இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தது. அவளை உள்ளே அட்மிட் செய்தார்கள். டோரதி வராந்தா பெஞ்சில், தகவல் தெரிந்து வந்த ஏசுராஜை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே இரண்டு பெண்கள் கிசுகிசுத்தார்கள்.

“அவங்க நெசமாவே பேசறாங்களா?”

“பேசறாங்க. கேன்டீன் எந்தப் பக்கம்னு கேக்கறாங்க.”

அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.