பின்கதவால் போன ஸ்பூன்கள்

வீட்டில் எல்லோரும் பொடிசு என்று கூப்பிடும் அந்தப் பெண் அன்று மதியம் சோற்றைத் தொடாமல் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். முந்தாநாள்வரை தரையில் கால் பாவாமல் திரிந்தவள்தான். அவள் எழுதிய குட்டி ரவுட்டரை நகரத்தின் பெரிய விளையாட்டரங்கம் இறுதிப்போட்டி டிக்கெட் விற்க எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. பேசிச் சம்மதிக்க வைத்தவள் அக்கா. அரங்கத்தின் டிக்கெட் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது.

"ரவுட்டர்னா சுவத்துல பச்சையா மினுக்குமே, அதானே?" என்று அப்பா கேட்டிருந்தார். அவர் தையல்கடைக்காரர்.

"அது பெட்டிப்பா. இது வெறும் எழுத்து. வாசல்ல நின்னு, வர்றவங்களை அந்தந்த ரூமுக்கு அனுப்பும்."

விஷயம் அவ்வளவுதான். இணையத்தில் ஒருவர் கதவைத் தட்டினால் அது சட்டென்று விழிக்கும். டிக்கெட் வாங்க வந்தாரா, இருக்கை பார்க்க வந்தாரா என்று பார்த்துச் சரியான இடத்துக்கு அனுப்பும். தட்ட ஆளில்லையென்றால் தூங்கும். எந்நேரமும் விழித்திருக்கும் சர்வர் கணினி ஒன்றை அரங்கத்தார் வாங்கிப்போட்டு வருஷம் முழுக்கக் கட்டி அழ வேண்டியதில்லை. பெரிய மென்பொருட்கள் சோம்பல் முறித்து எழுவதற்குள் இந்தக் குட்டி நாலு பேரை அனுப்பிவிடும். வாசலுக்கும் அறைக்கும் நடுவே காவலுக்குச் சிலரை நிறுத்தவும் வழியுண்டு. கூட்டம் அதிகமாகாமல் பார்க்க ஒருவர், வந்தவர் தட்டும் அடையாள எண்ணைப் பார்த்து அவர் யாரென்று சரிபார்க்க ஒருவர். மிடில்வேர் என்று அதற்குப் பெயர். அதை எழுதிய நாளில் பொடிசுக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறியது உண்மைதான். ஏறட்டுமே, எழுதியவள் அவள்தானே!

நேற்று அரங்கத்து ஊழியர்களை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். முதலில் பிய்த்துக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் யார் தட்டினாலும் "உள்ளே கூட்டம், பிறகு வாருங்கள்" என்று அடம்பிடித்து நின்றுவிட்டது. பொடிசு பதற்றத்தில் அரங்கத்தின் மேலதிகாரிக்கு நேராகப் போன் போட்டு, தப்பு தன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டாள். அக்காவிடம் சொல்லவில்லை. ஒத்திகை நேரத்தில் அரங்கத்தின் அலுவலகக் கூட்டமொன்றில் இருந்த அக்காவோ, ஒன்றும் தெரியாமல் எழுந்து நின்று, தங்கையின் ரவுட்டரைப் பற்றிப் பெருமையடித்திருக்கிறாள். அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டிருந்த எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

அதற்குப்பின் அக்காவிடமிருந்து வந்தது ஒரே ஒரு செய்தி. "நாளைக்கு நாலு மணிக்கு விற்பனை. மூணுக்குள்ள சரியாகலன்னா பழைய மென்பொருளுக்கே போறாங்க. என் நாற்காலிக்கும் வேற ஆள் பாக்கறாங்க."

பொடிசு எழுதியதை வரிவரியாகப் படித்துப்பார்த்துவிட்டாள். தனித்தனியே பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. படித்துப் படித்துக் கண் எரிந்ததுதான் மிச்சம். கடைசியில் மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்தாள்.

"எல்லாரும் எழுந்திரிங்க. நாமளே ரவுட்டரா நிக்கப்போறோம்."

அக்காவின் கணவர் ரயில் ஓட்டுபவர். அன்று அவருக்கு ஓய்வு நாள். முன்வாசலில் அவரை நிறுத்தி, சமையலறையிலிருந்த ஸ்பூன்களையெல்லாம் கையில் கொடுத்தாள். "அத்தான், உள்ள வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஸ்பூன். வெளிய போகும்போது திருப்பி வாங்கிக்கணும். ஸ்பூன் இல்லன்னா யாரையும் விடக்கூடாது."

கூடத்தின் நடுவில், டிக்கெட் சீட்டைச் சரிபார்த்து உள்ளே விட, அம்மா. மருத்துவமனை வரவேற்பு மேசையில் காலம் தள்ளியவள், ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோட்டுவிடுவாள். அறைகளுக்குப் போகும் வழியில் பொடிசு நின்றுகொண்டாள். மிச்சமிருந்த அப்பாதான் மொத்தக் கூட்டமும்.

அப்பா ஸ்பூனோடு வந்தார், அம்மாவிடம் சீட்டைக் காட்டினார், படுக்கையறைக்குப் போய்த் திரும்பினார், வாசலில் ஸ்பூனைக் கொடுத்துவிட்டு வெளியேறினார். எல்லாம் கனகச்சிதம். அடுத்த தடவை கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தார்.

"சீட்டு எங்க?" என்றாள் அம்மா.

"நான் அரங்கத்துத் தலைவரோட மச்சான்."

"அப்போ தலைவர் வீட்டுக்கே போங்க. இப்படி!" என்று பக்கத்திலிருந்த பின்கதவைக் காட்டினாள்.

அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தொப்பியோடு வந்தார், நொண்டிக்கொண்டு வந்தார், அம்மாவின் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு குரலை மாற்றிக்கூட வந்தார். அம்மா ஒவ்வொரு தடவையும் பின்கதவுவழியே துரத்தினாள். அவர் வீட்டைச் சுற்றி ஓடி முன்வாசலுக்கே வந்து நின்றார். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

திடீரென்று அத்தான் கையை விரித்தார். "ஸ்பூன் காலி. உள்ள கூட்டம், பிறகு வாங்க மாமா."

"உள்ள யாரு மாப்பிள்ளை இருக்கா? ஈ காக்கா இல்லையே!"

பொடிசு திரும்பிப் பார்த்தாள். வீடு காலி. ஆனால் வாசல் மூடிவிட்டது. அப்பா கால் மாற்றி நின்றதும் அவர் சட்டைப்பையில் ஸ்பூன்கள் கலகலத்தன.

"ஐயோ!" என்று அவள் போட்ட கூச்சலில் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் என்னடி தப்பு பண்ணேன்? வேண்டாதவங்கள அவ்வளவு தூரம் சுத்தி அனுப்பணுமா? பக்கத்துலதானே கதவு இருக்கு!"

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. நான் எழுதினதும் அச்சு அசல் இதேதான்!"

வேகம் கூடட்டும் என்று அவளே ஆசை ஆசையாக வைத்த குறுக்குவழி அது. சீட்டுச் சரியில்லாதவர்களை நடுக்காவல் நேரே வெளியே தள்ளிவிடும். வாசலில் எண்ணிக்கொண்டு நிற்பவருக்கு அவர்கள் போனதே தெரியாது. நேற்று ஊழியர்கள் விளையாட்டாகத் தப்பு அடையாள எண்களைத் தட்டத் தட்ட, வாசல் கணக்கு நிரம்பிவிட்டது. மறுக்கப்பட்டவரும் வந்த வழியேதான் திரும்ப வேண்டும். பொடிசு மடிக்கணினியைத் திறந்து குறுக்குவழியை அழித்து, திருத்தியதை இணையத்தில் ஏற்றினாள். அவளுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதித்தாள்.

அக்காவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. மணி இரண்டைத் தாண்டியிருந்தது. மேலதிகாரியின் எண் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. விரல் அதன்மேல் போய், நின்றது.

"அத்தான், வண்டியை எடுங்க."

அரங்கத்தில் அக்கா தன் அறையில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நிமிரவில்லை. "எதுக்கு வந்தே? நேத்து மாதிரி நேரா மேலதிகாரிகிட்டயே பேச வேண்டியதுதானே?"

மூச்சிரைக்க ஓடிவந்தவளுக்குத் தயார்செய்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோனது. "நீ வாசல்ல கையை நீட்டிக்கிட்டு நின்னேக்கா. நான் பின்கதவால போயிட்டேன்" என்றாள். அழுகை வந்துவிட்டது. அதற்கு நடுவே, தப்பு எண்களால்தான் வாசல் அடைத்தது, இப்போது சரிசெய்துவிட்டேன் என்று சொல்லி முடித்தாள்.

அக்காவுக்கு ஸ்பூன் கதை தெரியாது. ஆனாலும் தங்கை எதற்கு அழுகிறாள் என்று புரிந்தது. அவள் தப்பு எண் ஒன்றைத் தட்டினாள். மறுப்பு வந்தது. இன்னொன்று தட்டினாள். பிறகு பிரிவிலிருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு வெறிபிடித்ததுபோல் தட்டச் சொன்னாள். மறுப்பு, மறுப்பு, மறுப்பு. கடைசியில் சரியான எண்ணைத் தட்டினாள். கதவு திறந்தே இருந்தது.

"வா" என்று தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்கு நடந்தாள்.

நாலு மணிக்குப் பொடிசின் ரவுட்டரிலேயே விற்பனை தொடங்கியதும் திரையில் எண்கள் பாய்ந்தன. யாரும் உட்காரவில்லை. வருகிறவர்கள், வாங்குகிறவர்கள், திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் என்று கூட்டம் ஏறி இறங்கியது. வாசல் ஒருமுறைகூட அடைக்கவில்லை. கடைசி இருக்கையும் போனபோது அறையே ஓவென்று கத்தியது. அக்கா பொடிசின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக அவளுக்கு எதுவும் வலித்ததில்லை.

மேலதிகாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு பொடிசிடம் வந்தார். "பிரமாதம்மா! இனிமே எல்லாப் போட்டிக்கும் இதையே வெச்சுக்கலாம். என்ன சொல்றீங்க?"

"அக்காவைக் கேளுங்க சார்" என்றாள் பொடிசு.

அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு, தன் நாற்காலிக்கு வேறு ஆள் தேடியவரைக் கொஞ்சநேரம் அப்படியே நிற்கவைத்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள்.